மலையில் காசுப்பெட்டி இல்லை

கனடாவின் மலையூரான ரெவல்ஸ்டோக்கில் வெள்ளிக்கிழமை இரவு பால் வாங்கப் போனால் அரை மணித்தியாலம் வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் ஐந்து தள்ளுவண்டிகள் நிற்கும். ஐந்தும் ஒரே கூட்டத்தினுடையவை. ஒன்றில் வெங்காயம், உருளைக்கிழங்கு, கரட். ஒன்றில் பத்து டசின் முட்டை. இன்னொன்றில் பாஸ்தாவும் சீஸும் சொக்லேற்றும் குவிந்திருக்கும். ஒருத்தி கையில் தாளை வைத்துக்கொண்டு ஓட்ஸ் எடுத்தாச்சா, கோப்பித்தூள் எடுத்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மறுநாள் காலை இவ்வளவும் ஹெலிகொப்டரில் ஏறி, மலைக்குள் எங்கோ இருக்கும் ஒரு மரவீட்டுக்குப் போகும். பன்னிரண்டு பேருக்கு ஏழு நாள் சாப்பாடு.

முதல் குளிர்காலத்தில் அந்த வரிசையில் நின்று எரிச்சல்பட்டேன். இரண்டாவது குளிர்காலத்தில் வண்டிகளை எண்ணத் தொடங்கினேன்.

பிறந்தது யாழ்ப்பாணம், பத்து வருடம் ஸ்காபரோ. 2021 ஒக்ரோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து, ரெவல்ஸ்டோக்கில் முப்பது அறைகூட இல்லாத ஒரு மோட்டலில் இரவு மேசையில் உட்கார்ந்தேன். மேசை என்பது பெயருக்குத்தான். துவாய் துவைப்பது, வாசலில் பனி அள்ளுவது, சாமத்தில் அடைத்துக்கொண்ட கழிப்பறையைத் திறப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். நான்கு குளிர்காலம் அங்கே இருந்தேன். மலையோரச் சிற்றூரில் மோட்டலோ சாப்பாட்டுக் கடையோ நடத்தலாம் என்று யோசிக்கும் நம் ஆட்கள் அவ்வப்போது தொலைபேசியில் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரெவல்ஸ்டோக்கின் சனத்தொகை 8,000க்குச் சற்று மேல். ரயிலாலும் மரத்தாலும் வாழ்ந்த ஊர். 2007 டிசம்பரில் பெரிய ஸ்கீ ரிசோர்ட் திறந்தது. உச்சியில் இருந்து அடிவாரம் வரை 1,713 மீற்றர் இறக்கம், வட அமெரிக்காவிலேயே அதுதான் பெரிது. வெளியூர்க்காரருக்கு ரெவல்ஸ்டோக் என்றால் அந்த ரிசோர்ட்தான். நான் சொல்ல வந்தது அங்கே போகாதவர்களைப் பற்றி. லிஃப்ட் இல்லாத மலையில் காலால் ஏறி, ஸ்கீயில் இறங்குகிறவர்கள். பேக்கன்ட்ரி ஆட்கள் என்போம். ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற ஒட்டுப்பட்டையை ஒட்டிக்கொண்டு ஏறுவார்கள். முன்பு கடல்நாய்த் தோல். இப்போது நைலோனும் மொஹேர் ஆட்டுமயிரும். முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. உச்சியில் அதை உரித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். நாலு மணித்தியாலம் ஏறி, பதினைந்து நிமிடம் இறங்குவது. எனக்கு அந்தக் கணக்கு இன்னும் விளங்கவில்லை, அது வேறு கதை.

அங்கே லிஃப்ட் ரிக்கெற் இல்லை, மலையில் உணவகம் இல்லை, வாடகை லொக்கர் இல்லை. சான்விச்சைக் கட்டிக்கொண்டு போகிறவர்களால் ஊருக்கு என்ன வரும்? என் முதலாளியும் அப்படித்தான் கேட்டார். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் கசவாரங்கள், அதாவது கஞ்சர்கள் என்பது அவர் எண்ணம். நாலு பேர் ஓர் அறையை எடுத்து, மைக்ரோவேவில் சூப் சுடவைத்துக் குடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் வருகிறவர்களைப் பதியும் இரவுக் கொப்பியில் நான் கண்டது வேறு. ரிசோர்ட் ஆட்கள் வெள்ளி வந்து ஞாயிறு போனார்கள். பேக்கன்ட்ரி ஆட்கள் செவ்வாய் வந்தார்கள், புதன் வந்தார்கள். பனி எப்போது விழுந்து அடங்குகிறதோ அப்போது வந்தார்கள். வந்தால் நாலு இரவு, ஐந்து இரவு. சிற்றூர் மோட்டலைக் கொல்வது செவ்வாய்க்கிழமைதான். சனி இரவை யாரும் நிரப்பிவிடலாம். செவ்வாய் நிரம்பினால்தான் அறை துப்புரவு செய்யும் பெண்ணுக்கு வாரம் முழுக்க வேலை கொடுக்க முடியும். அவள் ஊரை விட்டுப் போகாமல் இருப்பாள். வேறு யாரைக் கேட்டாலும் ஆள் எத்தனை என்றுதான் கணக்குச் சொல்வார்கள். நான் இரவைத்தான் எண்ணச் சொல்வேன்.

இது புதிய விசயமும் அல்ல. ரெவல்ஸ்டோக்கில் இருந்து கிழக்கே 70 கிலோமீற்றரில் ரோஜர்ஸ் கணவாய். 1880களில் கனேடியன் பசிபிக் ரயில் அதைக் கடந்தது. ஏற்றம் செங்குத்து, கனமான உணவக ரயில்பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவது கடினம். அதனால் ரயிலை நிறுத்திப் பயணிகளுக்குச் சாப்பாடு போட மலையில் ஓர் இடம் தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் கிளேசியர் ஹவுஸ் ஹோட்டல். சாப்பிட இறங்கியவர்கள் பனிப்பாறையைப் பார்த்து மயங்கித் தங்கத் தொடங்கினார்கள். 1899இல் சுவிற்சர்லாந்தில் இருந்து மலை வழிகாட்டிகளையே சம்பளத்துக்குக் கூட்டிவந்தது ரயில் கொம்பனி. பிறகு 1910 மார்ச் 4 இரவு பனிச்சரிவில் 58 தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியர். 1916இல் கொனோட் சுரங்கம் திறந்தது. ரயில் மலைக்குள்ளால் போனது. ஹோட்டல் வாசலில் வண்டி நிற்கவில்லை. 1925இல் மூடிவிட்டார்கள். பனிப்பாறை அங்கேயேதான் இருந்தது. ஆள் நிற்பது நின்றுபோயிற்று, அவ்வளவுதான்.

1962இல் நெடுஞ்சாலை வந்த பிறகு கணவாயில் இன்னொரு ஹோட்டல் இருந்தது. அதுவும் இப்போது இல்லை. ஆகவே கணவாயில் ஸ்கீ செய்ய வருகிறவன் படுக்க வேண்டும் என்றால், மலைக்குடிசையில் இடம் பிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் மேற்கே ரெவல்ஸ்டோக், கிழக்கே கோல்டன். எங்கள் மோட்டல் வாழ்ந்தது இந்த இடைவெளியில்.

சரி, அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் கடந்து 130க்கு மேற்பட்ட பனிச்சரிவுப் பாதைகள் இறங்குகின்றன. குளிர்காலம் முழுக்கக் கனேடிய இராணுவம் அங்கே 105 மில்லிமீற்றர் பீரங்கியோடு நிற்கும். மலையில் பனி அதிகமாகச் சேர்ந்தால் சாலையை மூடி, சரிவைச் சுட்டு, தாங்களே விழுத்துவார்கள். யாழ்ப்பாணத்தில் ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்கு, மனிதரைக் காப்பாற்றப் பீரங்கி அடிப்பதை முதல்முறை கேட்டபோது வந்த உணர்ச்சியை எழுதத் தெரியவில்லை. சுடும் இடங்களுக்குள் ஸ்கீ ஆட்கள் போய்விடக் கூடாது என்பதற்காகத் தேசியப் பூங்காக்களைப் பார்க்கும் பார்க்ஸ் கனடா குளிர்கால அனுமதி முறை ஒன்றை வைத்திருக்கிறது. எந்தச் சரிவு இன்று திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று ஒவ்வொரு காலையும் அறிவிப்பார்கள். என் விருந்தினர் படுக்கையை விட்டு எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

என் பெரிய பிழையும் இந்தச் சாலையில்தான் நடந்தது. இரண்டாவது குளிர்காலம். ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம். கோல்டன் பக்கத்தில் இருந்து ஹெலிகொப்டரில் மரவீட்டுக்குப் போக வேண்டியவர்கள். இரவில் சாலை மூடிவிட்டது. காலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டார்கள். நான் பெரிய அனுபவசாலி மாதிரி, வழக்கமாகப் பத்துக்குள் திறந்துவிடும், நிம்மதியாகப் படுங்கள் என்று சொல்லிவிட்டேன். திறந்தது பின்னேரம். வேறு வழியால் சுற்றிப் போக இரவே புறப்பட்டிருக்கலாம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றைக்கு அவர்களுடைய வாரத்தில் ஒரு நாள் போயிற்று. மறுபடி அவர்கள் எங்களிடம் வரவில்லை.

அதற்குப் பிறகு சாலையைப் பற்றியும் பனியைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. அவலாஞ்ச் கனடாவின் அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பையும் நெடுஞ்சாலை அறிவிப்பையும் அச்சடித்து மேசையில் வைத்துவிடுவேன். கேட்டால் விரலால் காட்டுவேன். மோட்டல்காரன் சொல்லி ஒருவன் ஒரு சரிவில் ஏறினான் என்ற நிலை வரவே கூடாது. 2003இல் ஜனவரி 20, பெப்ரவரி 1 என்று இரண்டு வாரத்துக்குள் இந்த மலைகளில் இரண்டு பனிச்சரிவுகள். ஒவ்வொன்றிலும் ஏழு பேர். இரண்டாவதில் இறந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஊரில் வயதானவர்கள் அந்தக் குளிர்காலத்தைப் பற்றிக் கதைக்கும்போது குரல் தாழ்ந்துவிடும். அடுத்த வருடம்தான் தேசிய பனிச்சரிவு மையம் உருவானது; இன்றைய அவலாஞ்ச் கனடா. அதன் தலைமையகம் ரெவல்ஸ்டோக்கில்தான். முன்னறிவிப்பாளர்கள், வழிகாட்டிகள், இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சி நடத்துகிறவர்கள் என்று வருடம் முழுக்க இந்த ஊரில் குடியிருந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிச் சம்பளம் எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பேக்கன்ட்ரி கொண்டுவந்த காசில் என் கணக்குக்கு மிகவும் உறுதியானது அதுதான்.

இனி அறைக்குள் வருவோம். முதல் குளிர்காலத்தில் காலையில் அறைகளுக்குப் போனால் அழுகை வரும். குளியலறைத் திரைக்கம்பியில் எட்டு ஸ்கின் தொங்கும். கம்பி கழன்றுவிடும். சப்பாத்து உள்ளுறையைச் சுவர் ஹீற்றர் மேல் வைத்து உருக்கியிருப்பார்கள். கம்பளம் முழுக்கத் தண்ணீர். முதலாளி, தண்டப்பணம் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். இரண்டு கூட்டம் முன்பதிவை நீக்கிவிட்டு வேறிடம் போயிற்று.

துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் உடைந்த கட்டில்கள் போட்ட களஞ்சிய அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்தேன். சுவரில் மரச்சட்டம் அடித்துக் கொளுக்கிகள், ஒரு பழைய ஈரம் உறிஞ்சும் மெசின், சப்பாத்துக்குக் காற்றூதும் குழாய்கள், தரையில் ரப்பர் விரிப்பு. ஸ்கின்னை அதிக சூட்டில் காயவைத்தால் பசை கெட்டுவிடும் என்று ஒரு விருந்தினரே சொல்லித் தந்தார். அதனால் ஹீற்றரைக் குறைத்து மின்விசிறி வைத்தேன். எல்லாமாக ஒரு சின்ன அறையின் இரண்டு மூன்று வார வாடகைக்குள் முடிந்தது. அந்த நான்கு வருடத்தில் மோட்டலில் செய்த செலவுகளில் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. புதிய தொலைக்காட்சிகள் வாங்கினார்கள், யாரும் போடவில்லை. 'காயவைக்கும் அறை உண்டு' என்ற ஒரு வரியைப் பார்த்துத்தான் தொலைபேசி அடித்தது. அதோடு, மாலையில் அந்த அறையில் நின்று ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு கதைக்கும். நாளைக்கு எங்கே, எந்தச் சரிவு, எங்கே சாப்பாடு நல்லது. ஊர்க் கடைகளுக்கு அதைவிட விளம்பரம் கிடையாது.

காலைச் சாப்பாடு இன்னொரு மடத்தனம். ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடியும் 'இலவச' சாப்பாடு. என் ஆட்கள் ஐந்தரைக்குப் போய்விடுவார்கள். காசு கட்டியும் சாப்பாடு இல்லை. நான் எப்படியும் இரவு முழுக்க விழித்திருப்பவன். ஐந்து மணிக்குக் கோப்பி போட்டு, பிளாஸ்க் நிரப்பக் கொதிதண்ணீர் வைத்து, பாணும் முட்டையும் வைத்தேன். ஒரு நாள் எனக்கென்று கட்டி வைத்திருந்த ரொட்டியையும் பருப்பையும் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மலையில் சான்விச் கல்லாகிவிட்டதாம், ரொட்டி வளைந்து கொடுத்ததாம். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் ரொட்டிச் சுருள் விற்றேன். அது என் தனி வருமானம். முதலாளிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்.

ஐந்தரைக்குப் புறப்படுகிறவனுக்கு ஐந்துக்கு வாசலில் பனி அள்ளியிருக்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், செய்து பாருங்கள். ஹெலிகொப்டரில் ஒரு வாரம் போகிறவர்கள் காரை எங்கே விடுவது என்று தவிப்பார்கள். பின்பக்கம் இடம் கொடுத்தோம். அதற்குக் காசு வாங்கவில்லை. போவதற்கு முதல்நாள் வெள்ளி இரவும், வந்திறங்கும் சனி இரவும் எங்களிடம் தங்கினார்கள். ஏழு நாள் குளிக்காமல் வந்திறங்கும் சனிக்கிழமை மாலையில் அவர்கள் என்ன விலைக்கும் என்ன சாப்பாட்டையும் வாங்குவார்கள்.

ஒரு பெப்ரவரி இரவு மூன்று பேர் திரும்பி வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. அவர்களுடைய கார் இலக்கம் என்னிடம் இருந்தது, போன இடம் தெரியாது. யாரிடம் என்ன என்று சொல்வது? பத்தரைக்கு வந்து சேர்ந்தார்கள். காரின் பற்றரி செத்துவிட்டதாம், கணவாயில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் சரியாக இல்லையாம். எனக்குக் கை நடுங்கியது, அவர்கள் பீட்சா கடை திறந்திருக்கிறதா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து மேசையில் ஒரு தாள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், வராவிட்டால் எத்தனை மணிக்கு நான் அழைக்க வேண்டும். கட்டாயம் இல்லை. பெரும்பாலானோர் எழுதினார்கள். இந்த மாகாணத்தில் தேடி மீட்பவர்கள் தொண்டர்கள், மீட்புக்குக் காசு கேட்பதில்லை. நள்ளிரவில் எழுந்து போவது ஊரின் தச்சனும் தாதியும்தான். சுற்றுலாவால் ஊருக்கு வந்த காசைக் கூட்டுகிறவர்கள் இந்த உழைப்பைக் கழிப்பதில்லை.

கழிக்க வேண்டியது இன்னும் உண்டு. எங்கள் அறை வாடகையில் முன்பதிவு இணையத்தளம் வழியாக வந்த ஒவ்வொரு 100 டொலரிலும் சுமார் 15 டொலர் தரகாக ஊருக்குள் காலடி வைக்காமலே போய்விடும். முதலாளி வெளியூர் என்றால் இலாபமும் போகும். மிஞ்சுவது சம்பளம், அந்தச் சம்பளத்தை வீட்டு வாடகை தின்றுவிடும். நான் ஒரு நிலக்கீழ் அறையில் நாலு பேரோடு இருந்தேன். கோடையில் வான் வண்டிக்குள் படுத்து எழுந்து வேலைக்கு வந்த பிள்ளைகளைத் தெரியும். பனி நன்றாக விழுந்த ஊரில் பாண் சுடுகிறவனுக்கு வீடு கிடைக்காது. அறை வாடகையோடு சேர்த்து எடுக்கும் 3 விழுக்காடு வரையான சுற்றுலா வரி முக்கியமாக ஊரின் விளம்பரத்துக்குப் போகிறது. மாகாணம் ரெவல்ஸ்டோக், கோல்டன் உட்பட 14 ரிசோர்ட் ஊர்களுக்குத் தனிப் பணமும் தருகிறது. நல்லதுதான். இனியும் ஆள் கூப்பிடும் விளம்பரத்துக்குப் பதில் வேலையாட்களுக்கு வீடு கட்டலாம் என்பது என் கட்சி. அடிக்கடி சண்டை பிடித்திருக்கிறேன்.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: இரண்டாம் முறை வருகிறவனை நேரடியாக அழைக்கப் பழக்குங்கள். நான் அறைத் திறப்போடு தொலைபேசி எண் எழுதிய அட்டையைக் கொடுப்பேன். சாலை மூடி வர முடியாமல் போனால் காசு திருப்பித் தரமாட்டோம், ஆனால் அதே பருவத்தில் வேறு இரவுக்கு மாற்றித் தருவோம் என்று சொல்வேன். அது அவர்களுக்கும் நியாயமாகப் பட்டது, எங்களுக்கும் காசு உள்ளே இருந்தது.

பனி எப்போதும் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். நான் வந்த அடுத்த மாதமே, 2021 நவம்பர் வெள்ளத்தில் வன்கூவரில் இருந்து வரும் சாலைகள் அறுந்துபோயின. அந்த மாதம் கிழக்குப் பக்கத்தில் இருந்து வந்த கல்கரிக்காரர்கள்தான் சோறு போட்டார்கள். 2023-24 குளிர்காலத்தில் பனி மோசம். 2024 ஏப்ரல் 1 அளவீட்டில் மாகாணத்தின் பனி இருப்பு வழமையின் 63 விழுக்காடுதான். பள்ளத்தாக்கில் மழை பெய்தது. ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி ஓட்ட வருகிறவர்கள் பலர் முன்பதிவை நீக்கினார்கள். நடந்து ஏறுகிறவர்களில் பலர் மட்டும் இன்னும் மேலே ஏறினால் கிடைக்கும் என்று வந்தார்கள். ஏப்ரலிலும் அப்படித்தான். ரிசோர்ட் லிஃப்டை நிறுத்திவிடும், ஊர் சேறாகக் கிடக்கும், பாதிக் கடைகள் பூட்டு. அப்போதும் மேலே நல்ல பனி. எங்களிடம் ஏழெட்டு அறை.

நான் ஒரே ஒருமுறை ஏறினேன். இரண்டு நாள் பயிற்சி எடுத்து, பனிக்குள் புதைந்தவரைத் தேடி எடுக்கும் பீக்கன் கருவி, சவல், நீளக் கம்பி எல்லாம் வாடகைக்கு வாங்கி, ஒரு வழிகாட்டியோடு பலூ கணவாய்ப் பக்கம் போனேன். இந்தியில் பாலு என்றால் கரடி. அக்கம்பக்கத்து மலைகளுக்கும் கரடிப் பெயர்கள்தான். பாதி வழியில் ஸ்கின் கழன்று விழுந்தது. ரொட்டி நன்றாக இருந்தது.

இந்த வருடம் மனைவியும் நானும் கோல்டனில் ஒரு சிறிய விடுதியைக் குத்தகைக்கு எடுக்கப் பார்க்கிறோம். வங்கியில் வருடத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார்கள். நான் இரவுக் கொப்பிகளை எடுத்து வைத்தேன். அதிகாரி புரட்டிப் பார்த்தார். 'சாலை மூடல்' என்று நான் சிவப்பு மையில் எழுதிய நாட்களைக் காட்டி, இவை நட்டமான நாட்களா என்றார். இல்லை, அன்றைக்கெல்லாம் காலி அறை இருக்கவில்லை, ட்ரக் ஓட்டிகள் வரவேற்பறை வாங்கில் படுத்தார்கள் என்றேன். கொப்பிகளைப் பிரதி எடுத்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடன் பதில் இன்னும் வரவில்லை. கொளுக்கிகள் மட்டும் வாங்கிவிட்டேன்.